பச்சைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மஞ்சளும் நீலமும்: வீட்லயே பேப்பர் குரோமட்டோகிராஃபி, முழு வழிகாட்டி

போன மே லீவுக்கு அண்ணன் புள்ளைங்க ரெண்டும் காரைக்குடிக்கு வந்திருந்துச்சுங்க. ரெண்டு நாள்ல செல்போன் சார்ஜும் தீந்துச்சு எங்க பொறுமையும் தீந்துச்சு. அடுப்படில இருந்த பச்சை ஃபுட் கலர் பாட்டில எடுத்துக் குடுத்து "இதுல எத்தன கலர் இருக்குன்னு சொல்லு பாப்போம்"னேன். சின்னவன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு "பச்சைதான் அத்தை, ஒண்ணுதான்"னான். பாட்டில திருப்பி லேபிள்ல பொடி எழுத்துல இருந்த நம்பரக் காட்டுனேன், 102, 133. 102ன்னா டார்ட்ராசின், அது மஞ்சள். 133ன்னா பிரில்லியன்ட் ப்ளூ, அது நீலம். பச்சைன்னு தனியா ஒண்ணு அந்த பாட்டில்ல இல்லவே இல்ல. லேபிள நம்பாதே, பிரிச்சுப் பாத்துருவோம்னு அன்னிக்கு ஆரம்பிச்சது லீவு முடியிற வரைக்கும் ஓடுச்சு.

பேப்பர்ல தண்ணிய ஏற விட்டு, கலந்திருக்கிற கலர்களத் தனித்தனியா பிரிக்கிற இந்த வேலைக்குப் பேருதான் பேப்பர் குரோமட்டோகிராஃபி. நெட்ல இதுக்கு வீடியோ நெறைய இருக்கு, ஆனா முக்காவாசில பேப்பர்ல ரெயின்போ மாதிரி கலர் பரவுனதும் "வாவ்"னு முடிச்சிருவாங்க. அழகா இருக்கும், ஆனா அதுலேந்து ஒண்ணும் சொல்ல முடியாது. என்ன கலர்னு தெரிஞ்ச ஒரு புள்ளி அதே பேப்பர்ல பக்கத்துல இருந்தாத்தான் நீங்க எதையாவது கண்டுபுடிச்சதா அர்த்தம். கீழ நான் சொல்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்தச் சுத்தித்தான் வரும்.

மொதல்ல, இது எப்படி வேல செய்யுது

எங்க ஊர்ல கண்டாங்கிச் சேலை நெய்யிறவங்க, சாயம் போடுறவங்க யாரயாவது கேட்டா "இந்தச் சாயம் நூலப் புடிக்கும், அது புடிக்காது"ம்பாங்க. குரோமட்டோகிராஃபி முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். பேப்பரும் பருத்தி நூலும் அடிப்படைல ஒண்ணு, ரெண்டுமே செல்லுலோஸ். பேப்பரோட நுனியத் தண்ணில வச்சா தண்ணி தானா மேல ஏறும், விளக்குத் திரில எண்ணெய் ஏறுற மாதிரி. போற வழில கலர் புள்ளி இருந்தா அதையும் கரைச்சு இழுத்துட்டுப் போகும். தண்ணி மேல இழுக்குது, பேப்பர் புடிச்சு நிறுத்துது. பேப்பர நல்லா புடிக்கிற கலர் பின்தங்கிரும், தண்ணியோட ஒட்டிக்கிற கலர் ஓடிரும். ஒரு மணி நேரம் ஒரே ரோட்ல பஸ்ஸையும் மாட்டுவண்டியையும் விட்டா எப்படிப் பிரியுமோ அப்படித்தான்.

எது புடிக்கும் எது ஓடும்ங்கிறது அந்த மூலக்கூறோட வடிவத்தயும் பொறுத்தது. நீளமா தட்டையா இருக்கிற சாயம் செல்லுலோஸ் மேல படிஞ்சு ஒட்டிக்கும், பருத்திக்கு நேரடியா போடுற சாயங்கள் பெரும்பாலும் அப்படித்தான். பிரில்லியன்ட் ப்ளூவோட அமைப்பு ஃபேன் றெக்கை மாதிரி முறுக்கிட்டு நிக்கும், பேப்பர்ல சரியா படியாது, அதோட தண்ணில ரொம்ப நல்லா கரையும், அதான் எப்பவும் மொதல்ல ஓடுறது அது.

வரலாறு தெரிஞ்சுக்கணும்னா ரெண்டு வரி. இத ஆரம்பிச்சு வச்சவர் மிகயில் ஸ்வெட்னு ரஷ்யத் தாவரவியலாளர், இலைல இருக்கிற நிறங்களச் சுண்ணாம்புத்தூள் அடைச்ச கண்ணாடிக் குழாய் வழியா விட்டுப் பிரிச்சாரு, 1906ல குரோமட்டோகிராஃபின்னு பேரும் வச்சாரு. அவரு பேருக்கே ரஷ்ய மொழில நிறம்னுதான் அர்த்தம்ங்கிறது ஒரு வேடிக்கை. குழாய்க்குப் பதிலா பேப்பர் வந்தது 1944ல, அதுக்குப் பின்னாடி இருந்த ஆர்ச்சர் மார்ட்டினுக்கும் ரிச்சர்ட் சிஞ்சுக்கும் 1952ல வேதியியல் நோபல் கெடச்சுது.

என்னென்ன வேணும்

பேப்பர். வெளிநாட்டு வீடியோல எல்லாம் "காபி ஃபில்டர் பேப்பர் எடுத்துக்கோங்க"ம்பாங்க. நம்ம வீட்டு காபி ஃபில்டர் பித்தளை இல்லாட்டி எவர்சில்வர், அத எங்க போய் வெட்டுறது! லேப் சாமான் விக்கிற கடைல வாட்மேன் நம்பர் 1 ஃபில்டர் பேப்பர் கேளுங்க, ஒரு பாக்கெட் வாங்குனா வருஷக்கணக்கா வரும். கெடைக்கலன்னா பழைய மை ஒத்துற பேப்பர் ஓகே. டிஷ்யூ பேப்பர் வேணாம், தண்ணி சர்ருன்னு ஏறிடும், எதுவும் பிரியாது, நனைஞ்சதும் பிஞ்சு விழும். நோட்டுப் பேப்பரும் வேணாம், அதுல மை பரவக்கூடாதுன்னே பசை போட்டிருப்பாங்க. எதுவுமே இல்லாத அவசரத்துக்கு வெள்ளைச் சாக்பீஸ், அடில சுத்தி ஒரு கோடு போட்டு தண்ணில நிறுத்துனா அதுலயும் பிரியும்.

மூடி இருக்கிற உயரமான கண்ணாடி பாட்டில். ஹார்லிக்ஸ் பாட்டில் கச்சிதம். மூடி ரொம்ப முக்கியம், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பென்சில், ஸ்கேல், பல்குத்துற குச்சி, ரெண்டு கிளிப்.

தண்ணி. எங்க போர் தண்ணி உப்பு, அதுல பண்ணுனா ஒரு நாளைக்கு ஒரு ரிசல்ட் வரும். ஆர்ஓ தண்ணி இல்லாட்டி மழைத்தண்ணி எடுத்துக்கோங்க. செட்டிநாட்டு வீட்ல முத்தத்து ஓட்டுலேந்து விழுகிற தண்ணிய அண்டா அண்டாவா புடிச்சு வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகள்ல இருக்கு, அந்தத் தண்ணி இதுக்கு அருமையா இருக்கும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டுக் கரைங்க, தூளுப்பு கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைச்சலா. ஃபுட் கலருக்கு இதுதான் நல்ல கரைப்பான். வெறும் தண்ணில எல்லாக் கலரும் கூட்டமா மேல ஓடிரும், கொஞ்சம் உப்பு இருந்தா சாயத்தோட கரையிற சக்தி குறைஞ்சு பேப்பர் பக்கம் சாயும், இடைவெளி கெடைக்கும்.

மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் ஒரு சின்ன பாட்டில், தண்ணில கரையாத மைக்கு. அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது, புள்ளைங்க தனியா தொடவும் கூடாது.

அப்புறம் தெரிஞ்ச கலர்கள். ஃபுட் கலர் வாங்கும்போது லேபிள்ல ஒரே ஒரு நம்பர் மட்டும் இருக்கிறதா பாத்து வாங்குங்க. 102 டார்ட்ராசின், 110 சன்செட் எல்லோ, 122 கார்மோசின், 124 பொன்சியோ, 127 எரித்ரோசின், 133 பிரில்லியன்ட் ப்ளூ. இதுல மூணு நாலு கெடச்சாலே போதும், இவங்கதான் உங்க சாட்சிகள்.

பேப்பர் தயார் பண்றது

பாட்டிலுக்குள்ள சுவத்துல ஒட்டாம நிக்கிற அளவுக்கு வெட்டுங்க, உயரம் ஒரு 12 சென்டிமீட்டர். கைய மேல் நுனில மட்டும் வைங்க, விரல் எண்ணெய் பட்ட இடத்துல தண்ணி ஏறாது. மாங்கா ஊறுகா தொட்ட கையோட பெரியவ புடிச்ச பேப்பர்ல ஒரு கட்டைவிரல் ரேகையே வெள்ளையா நின்னுச்சு, போலீஸ்ல குடுத்திருக்கலாம்.

கீழேந்து 2 சென்டிமீட்டர்ல பென்சில்ல ஒரு கோடு. பேனா கூடவே கூடாது, பேனா மையும் சேந்து ஓடும். கோட்ல ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு சின்ன அடையாளம், ரெண்டு ஓரத்துலயும் ஒன்றரை சென்டிமீட்டர் சும்மா விடணும், ஓரத்துல தண்ணி வளைஞ்சு ஏறும். ஒவ்வொரு அடையாளத்துக்குக் கீழயும் என்ன கலர்னு பென்சில்லயே எழுதிருங்க. அப்புறம் ஞாபகம் வச்சுக்கலாம்னு விட்டுட்டு முழிச்சவங்கள்ல நானும் ஒருத்தி.

புள்ளி வைக்கிறது

பாதிப்பேரு கோட்டை விடுறது இங்கதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். பல்குத்துற குச்சி நுனிய கலர்ல தொட்டு பேப்பர்ல சும்மா ஒத்தணும், அமுக்கக் கூடாது. புள்ளி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. பத்தலன்னா காய விட்டு அதே இடத்துல திரும்ப ஒத்துங்க, இப்படி மூணு நாலு தடவை. சின்னதாவும் இருக்கணும் அடர்த்தியாவும் இருக்கணும். பெரிய புள்ளியா வச்சா ஓடும்போது அது இன்னும் விரிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். ரொம்ப அடர்த்தியா வச்சாலும் வால் விட்டுட்டு வால்நட்சத்திரம் மாதிரி போகும். அவசரப்பட்டு ஈரத்துமேலயே ஒத்துனா பரவிரும். எங்க ஊர் மே மாச வெயில்ல அரை நிமிஷத்துல காஞ்சிரும், மழைக்காலத்துல ஃபேனுக்குக் கீழ வைங்க.

பச்சைக்கு நாங்க வச்ச வரிசை: 102 தனியா, 133 தனியா, பச்சை, அப்புறம் நாலாவதா ஒரு தந்திரப் புள்ளி. அந்தத் தந்திரம் என்னன்னா, பச்சை வச்ச இடத்துக்கு மேலயே 102ஐயும் வைக்கிறது. பச்சைக்குள்ள இருக்கிற மஞ்சளும் பாட்டில் மஞ்சளும் ஒண்ணுதான்னா ரெண்டும் சேந்து ஒரே மஞ்சள் புள்ளியா ஏறும். வேற வேறயா இருந்தா மஞ்சள் ரெண்டாப் பிரியும், இல்லாட்டி நீளமா கோணலா நிக்கும். ரெண்டு புள்ளியத் தள்ளித் தள்ளி வச்சு உயரம் பாக்குறத விட இது எவ்வளவோ நம்பகமானது.

அஞ்சாவதா ஒரு புள்ளி புள்ளைங்க ஆசைக்கு வச்சது. ஆத்தங்குடி டைல்ஸ் போடுற இடத்துலேந்து கொண்டு வந்த செவப்பு ஆக்சைடு பொடி ஒரு சிட்டிகை, தண்ணில கலக்கி. அத ஏன் சொல்றேன்னா அது நகரவே நகராது. ஆக்சைடு பொடி தண்ணில கரையாது, சும்மா மெதந்துட்டு இருக்கும், அது நிறமி. ஃபுட் கலர் கரையும், அது சாயம். கரையிறது மட்டும்தான் இந்த ரேஸ்ல ஓட முடியும். அதனாலதான் அந்த டைல்ஸ வருஷக்கணக்கா தண்ணி ஊத்திக் கழுவியும் கலர் போகல. கறுப்பு ஜெல் பேனா சிலது தண்ணிலயும் ஸ்பிரிட்லயும் அசையாம நிக்கிறதும் இதே காரணம்தான், உள்ள இருக்கிறது நிறமி.

பாட்டில்ல விடுறது

உப்புத்தண்ணிய அடில 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊத்துங்க. தண்ணி மட்டம் பென்சில் கோட்டுக்குக் கீழதான் இருக்கணும். மேல போயிட்டா புள்ளியெல்லாம் ஏறாம தண்ணிலயே கரைஞ்சு போயிரும். மொத நாள் எங்களுக்கு அதான் ஆச்சு, பேப்பர் வெள்ளையா நின்னுச்சு, பாட்டில் தண்ணி அழகான பச்சை. ஊத்தி மூடிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க, உள்ள காத்து ஈரமாகட்டும். அப்புறம் பேப்பரக் கிளிப்ல மாட்டி நேரா இறக்கி மறுபடி மூடிருங்க.

மூடி ஏன்னா, ஏறிட்டு இருக்கும்போதே பேப்பர்லேந்து தண்ணி ஆவியாகிட்டே இருந்தா ஓட்டம் ஒரு சீரா இருக்காது. எங்க வளவுல முத்தத்துக் காத்து சும்மா அடிச்சுட்டே இருக்கும், மூடாம வச்ச பேப்பர்ல தண்ணி பாதி தூரம் ஏறி அங்கயே நின்னு போச்சு. ஸ்பிரிட்டா இருந்தா இன்னும் மோசம்.

வச்சதும் பாட்டில நகத்தாதீங்க, தூக்கிப் பாக்காதீங்க. 20 நிமிஷத்துலேந்து அரை மணி ஆகும். எங்க ஆத்தா வந்து குனிஞ்சு பாத்துட்டு "ஏன்டி, பாட்டிலுக்குள்ள காயிதத்த விட்டுட்டு இப்படிச் சுத்தி ஒக்காந்திருக்கீக, இதுல என்ன பொரியவா போகுது"ன்னாக. சின்னவன் திரும்பாமயே "இருங்கப்பத்தா, மஞ்ச இப்பத்தான் நீலத்த விட்டு எறங்குது"ன்னான். அப்புறம் ஆத்தாவும் ஒரு பலகையப் போட்டு ஒக்காந்துட்டாக.

ஈரம் மேல் நுனிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்போது வெளிய எடுங்க. எடுத்த அந்த நொடியே ஈரம் நிக்கிற இடத்துல பென்சில்ல கோடு போடுங்க. காஞ்சிட்டா அந்த எல்லை எங்கன்னு சாமிக்குத்தான் தெரியும், அது இல்லாம கணக்கு கெடையாது.

கணக்கு

புள்ளி ஏறுன தூரத்த ஈரம் ஏறுன தூரத்தால வகுக்கணும், அதுக்குப் பேரு ஆர்எஃப் மதிப்பு. ரெண்டையும் அடிப் பென்சில் கோட்டுலேந்துதான் அளக்கணும், பேப்பர் நுனிலேந்து இல்ல. புள்ளியோட நடு மையத்துக்கு அளவுங்க.

எங்க பேப்பர்ல ஈரம் 8.0 சென்டிமீட்டர், நீலம் 7.6, மஞ்சள் 6.0. அப்போ நீலம் 0.95, மஞ்சள் 0.75. பச்சைப் புள்ளிலேந்து பிரிஞ்ச ரெண்டும் பக்கத்துல இருந்த 102, 133 கூட அதே உயரத்துல நின்னுச்சு, தந்திரப் புள்ளில மஞ்சள் ஒண்ணாவே ஏறுச்சு. ஆக்சைடு பூஜ்யம். உங்க மதிப்பு 0ல ஆரம்பிச்சு 1க்குள்ளதான் இருக்கணும், 1ஐத் தாண்டிருச்சுன்னா தூரத்த மாத்தி வகுத்திருக்கீங்க.

இந்த நம்பர வச்சுட்டு நெட்ல இருக்கிற டேபிளோட ஒப்பிடாதீங்க. பேப்பர் மாறுனா, உப்பு கூடிக் குறைஞ்சா, வெயில் மாறுனா நம்பரும் மாறும். எங்களுக்கே காலைல 0.75 வந்த மஞ்சள் மத்தியானம் 0.71. ஆனா ஒரே பேப்பர்ல பக்கத்துப் பக்கத்துல ஓடுனதுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, எது மாறுனாலும் ரெண்டுக்கும் சேந்தேதான் மாறும். சாட்சிப் புள்ளிய ஒவ்வொரு பேப்பர்லயும் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்றது இதுக்குத்தான்.

இன்னொன்னு. ஒரே பேப்பர்ல உயரம் வேறயா இருந்தா ரெண்டும் வேற கலர்னு தைரியமா சொல்லலாம். உயரம் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டு வேற சாயம் தற்செயலா ஒரே வேகத்துல ஓடலாம். அப்போ கரைப்பான மாத்தி இன்னொரு தடவ ஓட்டுங்க, ஸ்பிரிட்ல பாதி தண்ணி கலந்து. ரெண்டுலயும் ஒத்துப் போனா நம்பிக்கை கூடும்.

பேனா மை

இது சுலபம், சீக்கிரம் சொல்லிடுறேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனா தண்ணிலயே ஓடும், உள்ளேந்து ஊதா, நீலம், மஞ்சள்னு வரும், கம்பெனிக்குக் கம்பெனி வேற. பர்மனென்ட் மார்க்கரும் பால்பாயின்ட் பேனாவும் தண்ணில அசையாது, ஸ்பிரிட்ல விடுங்க. நாலு கறுப்புப் பேனால ஒண்ண எடுத்து ஒருத்தர் சீட்டு எழுதட்டும், மத்தவங்க அந்தச் சீட்டுத் துண்ட ஸ்பிரிட்ல ஊற வச்சு எந்தப் பேனான்னு கண்டுபுடிக்கட்டும். ஒரு சாயங்காலம் முழுக்க வீடு அமைதியா இருக்கும், கேரண்டி.

மிட்டாய், ஜாங்கிரி கலர எடுக்குறது

இதுதான் ருசியான பகுதி, வேலயும் அதிகம். மிட்டாய நேரா கரைச்சுப் புள்ளி வச்சா சக்கரை பேப்பர அடைச்சுக்கும், கலர் நகராது. ஜாங்கிரின்னா எண்ணெய் வேற. கலர மட்டும் தனியா எடுக்க ஒரு பழைய லேப் வழி இருக்கு, கம்பளி நூல்.

கம்பளி ஆட்டு ரோமம், புரதம். ஃபுட் கலரெல்லாம் அமிலச் சாயம். வினிகர் போட்ட சுடுதண்ணில ரெண்டும் ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சுக்கும், சக்கரை தண்ணிலயே தங்கிரும். இந்த ஊர் வெயில்ல யாரு ஸ்வெட்டர் வாங்குறா, அதனால நூல் தேடுறதுதான் கஷ்டம். ஃபேன்ஸி ஸ்டோர்ல உல்லன்னு விக்கிறதுல நெறைய அக்ரிலிக், அது உதவாது. ஒரு நுனியக் கொளுத்திப் பாருங்க, முடி கருகுற வாடை வந்தா கம்பளி, உருகி உருண்டையா ஆனா பிளாஸ்டிக்.

வெள்ளைக் கம்பளி ஒரு சாண் எடுத்து சோப்புத்தண்ணில காய்ச்சி அலசுங்க. மிட்டாய 50 மில்லி சுடுதண்ணில கரைச்சு வடிகட்டி, எண்ணெய் மெதந்தா எடுத்துட்டு, ரெண்டு ஸ்பூன் வினிகர் விட்டு, நூலப் போட்டு சின்னத் தீயில பத்து நிமிஷம். நூல் கலராகும். எடுத்துப் பச்சத்தண்ணில அலசுனா கலர் போகக் கூடாது. இப்போ புதுத் தண்ணில சில சொட்டு அம்மோனியா விட்டு அதுல நூலப் போட்டுச் சூடு பண்ணுனா, புடிச்சிருந்த கலர நூல் விட்டுரும். நூல எடுத்துட்டு அந்தத் தண்ணிய இன்னொரு கொதிக்கிற பாத்திரத்துமேல வச்சு நாலஞ்சு சொட்டா சுண்ட வைங்க. அதுதான் உங்க புள்ளி. அம்மோனியா வேலய ஸ்கூல் லேப்ல டீச்சரோட பண்ணுங்க, வீட்லன்னா பெரியவங்க முத்தத்துல வச்சுப் பண்ணணும், மூக்கெரியும். இதுக்குப் போட்ட பாத்திரத்துல அப்புறம் சமைக்காதீங்க.

நாங்க எடுத்த ஆரஞ்சு மிட்டாய்ல ஒரு ஆரஞ்சுப் புள்ளி, 110க்கு நேரா. அதுக்கு மேல லேசா ஒரு மஞ்சள், 102க்கு நேரா. ரெண்டும் அனுமதிச்ச கலர்தான். நம்ம நாட்டு உணவுச் சட்டத்துல 8 செயற்கைக் கலருக்குத்தான் அனுமதி, அதுவும் எல்லா உணவுலயும் இல்ல, அளவும் உண்டு. எவ்வளவு போட்டிருக்குன்னு இந்தப் பேப்பர் சொல்லாது.

2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்துச்சுல்ல, துணிக்குப் போடுற ரோடமின் பிங்கிற சாயம் இருக்குன்னு லேப்ல கண்டுபுடிச்சதால. அதக் கேட்டுட்டு புள்ளைங்க ஒரு ரோஸ் மிட்டாய ஓட்டிப் பாத்தாங்க, எங்ககிட்ட இருந்த எந்தச் செவப்போடயும் ஒத்துப் போகல. ஒடனே "அத்தை, இது விஷம்"னு முடிவே பண்ணிட்டான் சின்னவன். இல்லடா, நம்ம கைல இருக்கிற சாட்சில இது இல்லன்னு மட்டும்தான் சொல்லலாம், 124 நம்மகிட்ட இல்லவே இல்லயே, அதுவா இருக்கலாம்ல. ஒரு கடைக்காரர் பொழப்பு இது, அரைகுறைப் பேப்பர வச்சுட்டு வாட்ஸாப்ல போட்டு விட்றாதீங்க. சந்தேகம் நெசமாவே இருந்தா உணவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்ட சாம்பிளக் குடுங்க.

கவுனி அரிசி

கடைசியா நம்ம ஊர் ஐட்டம் இல்லாம எப்படி. கவுனி அரிசி ஊறுன தண்ணி ஊதாவா இருக்கும், அது ஆந்தோசயனின்ங்கிற இயற்கை நிறம். நல்லா அடர்த்தியா எடுத்துப் புள்ளி வச்சு, வினிகர் கலந்த தண்ணில ஓட்டுங்க. ஃபுட் கலர் மாதிரி கச்சிதமான புள்ளி வராது, ரோஸ் கலர்ல நீட்டி ஒரு தீத்தல்தான் வரும், அது உங்க தப்பில்ல. காஞ்சதும் வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பத் தண்ணில கலக்கித் தெளிய வச்சு, மேல் தண்ணிய ஒரு சொட்டு அதுமேல வைங்க. ரோஸ் மாறிப் பச்சை நீலமா போகும். கவுனி அரிசிப் பாயசத்துக்கு ஊற வச்சத எடுத்துட்டோம்னு ஆத்தாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.

காஞ்ச பேப்பர வெயில் படாம நோட்டுக்குள்ள ஒட்டி வைங்க, இயற்கைக் கலர் சீக்கிரம் வெளுத்துரும், கவுனி ரோஸ் ஆடி வரைக்கும் கூட தாங்கல. ஒட்டும்போதே பக்கத்துல தேதி, எந்தப் பேப்பர், என்ன கரைப்பான், உப்பு எவ்வளவு, ஈரம் ஏறுன தூரம், இத்தனையும் எழுதிருங்க. புள்ளிகளச் சுத்திப் பென்சில்ல வட்டமும் போட்டுருங்க, கலர் போனாலும் எடம் இருக்கும்.